மண் எரிகிற ஊரில் பொம்பா வேலை

என் தம்பி பொம்பாவில், அதாவது மலேசியத் தீயணைப்புத் துறையில், இருக்கிறான் என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எவ்ளோ பெரிய தீயெல்லாம் அணைச்சிருக்கான்?" என்பதுதான். ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர் அவனிடமே நேராகக் கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன ஷிப்ட்ல ஒரு மோதிரம் வெட்டினேன் மாமா" என்றான். மாமா அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துக்கொண்டார். அவன் உண்மையைத்தான் சொன்னான்.

அந்த மோதிரம் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியுடையது. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை, இப்போது சர்க்கரை வியாதியால் விரல் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்து, விரல் நுனி கறுக்க ஆரம்பித்திருந்தது. பேரன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி பொம்பா ஸ்டேஷனுக்கே கொண்டுவந்துவிட்டான். முதலில் நூலை விரல் நுனியிலிருந்து நெருக்கமாகச் சுற்றி, நுனியை மோதிரத்துக்கு அடியில் விட்டு, அந்தப் பக்கமிருந்து பிரித்து இழுத்துப் பார்ப்பார்கள். பாதிப் பேருக்கு அதிலேயே கழன்றுவிடுமாம். பாட்டிக்குக் கழலவில்லை. அப்புறம் மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, சின்னச் சக்கரத்தால் வெட்ட வேண்டும். உலோகம் சூடேறித் தோல் சுடாமல் இருக்க ஒருவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டி அழுதது வலியால் இல்லை, அது தாத்தா போட்ட மோதிரம். தம்பி கேட்டானாம், "பாட்டி, பூ இல்லாத பக்கமா வெட்டுறேன், ஆசாரி ஒட்டுறதுக்குத் தோதா இருக்கும், சரியா?" அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார். முக்கால் மணி நேரம், இரண்டு ஆட்கள். அதையும் ஒரு சேவை என்றுதான் பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

'பொம்பா' என்ற சொல்லுக்கே பம்பு என்றுதான் அர்த்தம். போர்த்துக்கீசியச் சொல், மலாய் வழியாக நம் வாய்க்கு வந்துவிட்டது. 1883இல் கோலாலம்பூரில் தொண்டர்களைச் சேர்த்து ஆரம்பித்த படையிலிருந்துதான் இந்த நாட்டுத் தீயணைப்பின் கதை ஆரம்பிக்கிறது. நகராட்சிகளின் கையில் சிதறிக் கிடந்த தீயணைப்புப் படைகளை 1976 ஜனவரி 1 முதல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1997இல் பெயரில் 'மீட்பு' என்ற சொல்லும் சேர்ந்து தீயணைப்பு மீட்புத் துறை ஆனது. பெயர் மாற்றம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள்தான் மோதிரம், பாம்பு, குளவி, வெள்ளம், விபத்து, குட்டையில் விழுந்த பிள்ளை எல்லாம் அடங்கியிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், ஒரு பொம்பாக்காரர் என்ன வேலை செய்கிறார் என்பதில் பாதியைத்தான் துறை சொல்கிறது, மீதியை ஊர் சொல்கிறது. கோலாலம்பூர் நடுவில் இருப்பவருக்கு உயர மாடி, மின்தூக்கி, நெரிசல். எங்கள் ஊர் மாதிரி எஸ்டேட் டவுனில் இருப்பவருக்குத் தோட்டம் விட்டுப்போன ஒவ்வொன்றும் ஒரு வேலை. அதை யாரும் விளக்கமாகச் சொல்லிப் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் மாவட்டம். அரசாங்கப் பலகையில்தான் அந்தப் பெயர், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்திலேயே தென்னமரம் தோட்டம். பெயரைப் பார்த்தாலே யார் வைத்திருப்பார்கள் என்று தெரிகிறது. இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, முதல்முதலாக நட்டது அங்கேதான், 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இன்றைக்கு நாடு முழுக்கத் தெரியும் அந்தப் பச்சைக் கடலின் முதல் வரிசை எங்கள் கொல்லைப்புறத்தில்தான் நின்றது. டவுனின் இன்னொரு பக்கம் ஈயச் சுரங்கம் தோண்டிவிட்டுப்போன குளங்கள். வடக்கே போனால் ராஜா மூசா வனக்காப்பகம், எழுபதாயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடக்கும் வடசிலாங்கூர் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. செம்பனை, ஈயக் குட்டை, சதுப்புக் காடு, இந்த மூன்றும்தான் தம்பியின் வேலையை எழுதி வைத்திருக்கின்றன.

முதலில் அந்தக் காட்டு மண்ணைச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே மண்ணே எரியும்.

மலாயில் காம்புட் என்பார்கள். பார்க்கக் கறுப்பாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல், ஊறவைத்த தேங்காய் நார் மாதிரி இருக்கும். அது உண்மையில் மண் இல்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களாக விழுந்த இலையும் வேரும் கட்டையும் தண்ணீருக்குள் கிடந்து, காற்றுப் படாததால் மக்க முடியாமல் அப்படியே அடுக்கடுக்காகச் சேர்ந்தது. பல இடங்களில் ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் இருக்கும். தண்ணீரில் ஊறிக் கிடக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. தோட்டம் போட வேண்டுமென்றால் என்ன செய்கிறார்கள்? கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார்கள். தண்ணீர் இறங்கியதும் மேல்மண் காய்கிறது, காய்ந்ததும் சுருங்கித் தாழ்கிறது, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் என்று தரையே கீழே போகிறது. எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கும் செம்பனைகளைப் பார்த்திருப்பீர்கள், காற்றில் சாய்ந்தவை இல்லை அவை. காலுக்கு அடியில் மண் இறங்கியதால் வேர் பிடிப்பு விட்டுச் சாய்ந்தவை. அப்படிக் காய்ந்து கிடக்கும் மண், சுருக்கமாகச் சொன்னால், விறகு. ஒரு சிகரெட் துண்டு, குப்பை கொளுத்திய நெருப்பு, நிலத்தைச் சுத்தம் செய்ய யாரோ வைத்த தீ, எதுவானாலும் போதும்.

ஆனால் அது மற்றத் தீ மாதிரி எரியாது. மேலே ஜுவாலை அணைந்த பிறகும் உள்ளே கனன்றுகொண்டே போகும். இன்றைக்கு இங்கே புகைந்தால், நாளைக்கு இருபது அடி தள்ளி, யாரும் கால் வைக்காத இடத்தில் புகை கிளம்பும். தம்பி இதை எனக்கு விளங்கவைத்த விதம் நன்றாக இருந்தது. "நம்ம கோயில் பூக்குழியப் பாத்திருக்கல்லக்கா? மேல சாம்பல் பூத்துட்டா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். ஒரு தட்டுத் தட்டினாத்தான் உள்ள செவப்பா தெரியும். அத ஏக்கர் கணக்குல நெனைச்சுக்க. குழி எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னும் தெரியாது." தீமிதிக்கு வேப்பிலை பிடித்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

அந்தத் தீயில் ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? வண்டி உள்ளே போகாது, மண் தாங்காது. தூக்கிச் செல்லும் பம்பைக் கால்வாய் ஓரத்தில் இறக்கி, குழாய்க்கு மேல் குழாய் இணைத்துப் பல நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் நிறைந்த ஒவ்வொரு குழாயும் மலைப்பாம்பு கனம். தீ வரும் காலமே வறட்சிக் காலம் என்பதால் கால்வாயில் தண்ணீரும் இருக்காது. அப்போது மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு பள்ளம் தோண்டுவார்கள், ஆழ்குழாய் போடுவார்கள், கால்வாயை அங்கங்கே அடைத்துத் தண்ணீர் மட்டத்தை உயர்த்தப் பார்ப்பார்கள். தண்ணீரைப் பாய்ச்சினால் உடனே குடித்துக்கொள்ளுமா என்றால் அதுவும் இல்லை. ரொம்பக் காய்ந்த காம்புட் தண்ணீரைத் தள்ளிவிடும், எண்ணெய்த் தாளில் விழுந்த மாதிரி மேலே உருண்டு ஓடும். அதனால் பீய்ச்சுவார்கள், கிளறுவார்கள், மறுபடி பீய்ச்சுவார்கள், சேறு ஆகும்வரை. சூடு போய்விட்டதா என்று கையுறையைக் கழற்றிவிட்டுத் தரைக்குக் கிட்டே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பானாம் தம்பி. ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொட அம்மா கை கொண்டுபோவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆபத்தும் வேறு மாதிரிதான். கீழே எரிந்து குழியாகிப்போன இடத்தில் மேலே பொருக்கு மட்டும் நிற்கும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும், உள்ளே கங்கு. வேர் எரிந்த மரம் சத்தமே இல்லாமல் சாயும், அதனால் ஒருவர் எப்போதும் மேலே பார்த்துக்கொண்டே நிற்பார். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் கடுமையான வேலையில் அரை மணி நேரம் தாங்கினால் பெரிது, நாள் முழுக்க நடக்கும் வேலைக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும், முகக்கவசம்தான். இப்படி நாட்கணக்கில், சில வருஷம் வாரக்கணக்கில் நடக்கும். கடைசியில் பெரும்பாலும் அணைப்பது மழைதான். அதுவரை பரவாமல் பிடித்து வைப்பதுதான் இவர்கள் வேலை, அதை வெற்றி என்று யாரும் எழுதுவதில்லை.

2005 ஆகஸ்ட் 11 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புகைமூட்டம் ஏறி ஏறி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோல சிலாங்கூருக்கும் போர்ட் கிள்ளானுக்கும் அவசரநிலை அறிவித்தார்கள். பெரும்பகுதி சுமத்ராவிலிருந்து வந்த புகை, நம் பக்கத்துக் காம்புட் தீயின் புகையும் அதோடு சேர்ந்துகொண்டது. எதிர் வீடு தெரியவில்லை. அம்மா ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிட்டார். தம்பி அப்போது பள்ளிப் பையன், மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்று பொம்பா வண்டி போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் ஆசை வந்தது என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

சரி, அடுத்தது பாம்பு. செம்பனைக் குலை எலிக்கு விருந்து. எலி பெருகினால் பாம்பு பெருகும். தோட்டங்களில் கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைத்திருப்பதும் அந்த எலிக்காகத்தான். ஆந்தை சாப்பிட்டது போக மீதிக்குக் கறுப்பு நாகமும் மலைப்பாம்பும் வரும், அந்தப் பாம்புகளைத் தின்ன ராஜநாகம் வரும். தோட்டத்தை வெட்டித் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி கட்டினால் அவை எங்கே போகும்? சமையலறை அலமாரிக்கும் கார் எஞ்சினுக்கும்தான். எங்கள் பக்கத்து நாகம் விஷத்தைக் கண்ணுக்குக் குறிவைத்துத் துப்பும் வகை, ஆகவே கண்ணாடி போடாமல் கிட்டே போகக் கூடாது. பொதுத் தற்காப்புப் படையும் பாம்பு பிடிக்கிறது, ஆனாலும் நம் சனங்களுக்கு வாயில் வருவது பொம்பாதான். இந்த வேலையைப் பாடமாகவே ஆக்கியவர் பகாங்கைச் சேர்ந்த தீயணைப்பு வீரர் அபு ஸாரின் ஹுசைன். பாம்பைக் கொல்லாமல் பிடிப்பது எப்படி என்று மற்ற நிலையத்தாருக்குப் பயிற்சி கொடுத்தவர். 2018 மார்ச்சில் பெந்தோங் பக்கம் ஒரு ராஜநாகத்தைப் பிடிக்கப் போனபோது கடிபட்டு, சில நாட்களில், மார்ச் 16ஆம் தேதி இறந்துபோனார். வயது 33. அவ்வளவு தெரிந்தவருக்கே அந்தக் கதி என்றால், கைப்பேசியில் படம் எடுக்கக் கிட்டே போகும் நம் ஆட்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குளவிக் கூடு என்றால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். பகலில் பாதிக் குளவி வெளியே இருக்கும், ராத்திரிதான் எல்லாம் கூட்டுக்குள் அடங்கும். "கூப்பிட்டு இவ்வளவு நேரமாச்சு, இன்னும் வரல" என்று திட்டுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஈயக் குட்டைகளைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. மேலே பார்த்தால் பச்சையாக, அமைதியாக, பையன்கள் தூண்டில் போடும் இடம். கரை சரிவே இல்லாமல் சட்டென்று ஆழத்துக்கு இறங்கும், அடியில் சேறும் மரமும், உள்ளே போனால் கைக்கே கை தெரியாத கலங்கல். முக்குளிப்பவர் கண்ணால் தேடுவதில்லை, கையால் துழாவித்தான் தேடுகிறார். 2018 அக்டோபர் 3ஆம் தேதி பூச்சோங்கில் தாமான் புத்ரா பெர்டானா பக்கத்து ஈயக் குட்டையில் விழுந்த 17 வயதுப் பையனைத் தேடி இறங்கிய நீர் மீட்புக் குழுவினர் ஆறு பேர், ஒரே கயிற்றில் பிணைந்திருந்தவர்கள், திடீர் நீரோட்டத்தில் சிக்கி ஆறு பேருமே இறந்துபோனார்கள். அன்று ராத்திரி தம்பியும் வேலையில்தான் இருந்தான், வேறு இடத்தில். அம்மாவுக்குச் செய்தி மட்டும்தான் தெரியும், எந்த நிலையம் என்று தெரியாது. அவன் கைப்பேசியை எடுக்கவில்லை. காலையில் அவன் மோட்டார் சத்தம் கேட்கும்வரை அம்மா வாசல் படியை விட்டு எழவில்லை.

அதே வருஷக் கடைசியில்தான் முகமது அடிப். சீபீல்ட் தோட்டத்து மாரியம்மன் கோயில் தகராறில் கலவரமாகி வண்டிகள் எரிந்த இடத்துக்கு, 2018 நவம்பர் 27 விடியற்காலையில், தீயணைக்கப் போன குழுவில் இருந்த 24 வயதுப் பையன். மோசமாகக் காயப்பட்டு டிசம்பர் 17ஆம் தேதி இறந்தார். அந்த மாதம்தான் அவருக்குக் கல்யாணம் நடக்க இருந்தது. தோட்டம் போய், நிலம் கைமாறி, கோயில் மட்டும் மிஞ்சிய ஓர் இடத்தில் கிளம்பிய சண்டை அது. தோட்டம் விட்டுப்போனவற்றில் இதுவும் ஒன்று என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நாட்களில் தம்பி ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கினான். இறந்தவர் மலாய்க்காரர், கோயில் நம்முடையது, அவன் ஷிப்டில் தமிழன் அவன் ஒருவன்தான். முதல் நாள் பெரட்டில், அதாவது பேர் கூப்பிடும் வரிசையில், நின்றபோது பக்கத்தில் நின்ற மலாய் நண்பர் ஒன்றும் பேசாமல் அவன் தோளில் கை போட்டாராம். அன்று முழுக்க இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போனார்கள். அம்மா கோயிலில் அந்தப் பையனுக்காக ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வந்தார்.

பெரட்டு என்று எழுதியதும் எங்கள் பாட்டி ஞாபகம் வருகிறது. விடியுமுன் இருட்டில், தலையில் துணி கட்டி, கையில் வாளியோடு பெரட்டில் நின்று, தோட்டத்து எழுத்தரான கிராணி பேர் கூப்பிட்டதும் குரல் கொடுத்தவர் அவர். பேரனும் பெரட்டில்தான் நிற்கிறான். பேர் கூப்பிட்டு முடித்ததும் வண்டியில் ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சரிபார்ப்பார்கள். பம்பை ஓட்டிப் பார்ப்பது, காற்று சிலிண்டரில் அழுத்தம் பார்ப்பது, குழாய்களை விரித்துக் காயவைத்து மடிப்பது, விபத்தில் நசுங்கிய காரை வெட்டும் ஹைட்ராலிக் கருவியைத் துடைத்து வைப்பது. அப்புறம் பயிற்சி, உடற்பயிற்சி, பள்ளிக்கூடம், கடை, ஆலை என்று பாதுகாப்புப் பேச்சும் சோதனையும். கோல குபு பாரு அகாடமியில் கற்றதை எல்லாம் கை மறக்காமல் இருக்க வேண்டும். மணி அடித்தால் தட்டில் இருக்கும் சோறு அப்படியே கிடக்கும். பல நாள் மணி அடிக்காது. காத்திருப்பதும் உடம்பைத் தின்னும் வேலைதான் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வீட்டுக்கு வந்தும் அவன் காது தூங்காது, எங்கோ ஒரு லாரி பின்னால் எடுக்கும்போது எழும் 'பீப்' சத்தத்துக்குக் கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

செம்பனைக் குலை லாரியில் மோதிய கார்களைப் பற்றி அவன் வீட்டில் பேசுவதில்லை. அப்படி ஒரு ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் மோட்டாரைக் கழுவுவான், ஏற்கெனவே சுத்தமாக இருந்தாலும். நாங்களும் கேட்பதில்லை, தேத்தண்ணி மட்டும் போட்டுக் கொண்டுபோய் வைப்போம்.

விசேஷ நாட்கள் ஒப்பந்தம் மாதிரி. ஹரிராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு இவன் வேலை எடுத்துக்கொள்வான், தீபாவளிக்கு அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படியும் ஒரு தீபாவளியன்று ஆள் பற்றாமல் கூப்பிட்டுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு போனான், குளிக்கவில்லை. தைப்பூசத்துக்கு நாம் காவடி பார்க்கப் போகிறோம், அங்கே சீருடையில் நிற்கும் பொம்பாக்காரர்களுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

புகை வாசனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அவன் சீருடையை அம்மா எல்லாத் துணியோடும் சேர்த்துத்தான் துவைப்பார். 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. நுரையீரல் சவ்வில் வரும் மீசோதெலியோமாவுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் போதிய ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. எரிந்த பிளாஸ்டிக், நுரை மெத்தை, பழைய கல்நார்க் கூரை எல்லாம் கரியாகத் துணியில் ஒட்டி, தோல் வழியாகவும் உள்ளே போகிறது. அதைப் படித்துக் காட்டிய அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் மாறிவிட்டது. பின்வாசலில் ஒரு தனி பேசின். அவன் அங்கேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளக் கூடாது. நாலு வயது மகளுக்கு இது மட்டும் இன்னும் புரியவில்லை, வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அப்பா குளிச்சாச்சா, குளிச்சாச்சா" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

வீட்டுத் தீயைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் இதில் நம் கையிலும் வேலை இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகள் பலகைச் சுவர், தகரக் கூரை, பல வீட்டுக்கும் ஒரே மோட்டுக் கூடு. ஒரு வீட்டில் பிடித்தால் கூரைக்கு அடியிலேயே ஓடி நாலாவது வீட்டில் இறங்கும். அந்தக் காலத்தில் உள்ளே இருந்தது மரக் கட்டிலும் கோரைப்பாயும் தகரப் பெட்டியும். இப்போது அதே பலகை வீட்டுக்குள் நுரை சோபா, நுரை மெத்தை, பிளாஸ்டிக் அலமாரி. அமெரிக்காவில் பழைய சாமான் நிறைந்த அறையையும் புதிய சாமான் நிறைந்த அறையையும் பக்கத்தில் பக்கத்தில் எரித்துப் பார்த்தார்கள். பழைய அறை முழுதாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரம் போல ஆனது, புதியது ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அந்தக் கட்டத்தில் மேலே சேர்ந்த சூட்டுப் புகை 600 டிகிரி போலச் சூடேறி, அறையில் இருக்கும் எல்லாமே ஒரே மூச்சில் பற்றும். உள்ளே இருப்பவர் பிழைக்க வழியில்லை. ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக் கோடியில் இருக்கும் கடைசித் தீம்பாருக்குச் செம்மண் சாலையில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தாமான் வீடுகளில் ஆபத்து இரும்பு கிரில். திருடனுக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் கம்பி, கதவில் இரண்டு பூட்டு, சாவி எங்கேயோ. புகையில் சாவி தேட முடியாது. கதவுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் சாவி தொங்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில். தம்பி உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது அந்த ஆணியைத்தான்.

ஒரு லயத்துத் தீயில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீடு எரிகிறது, ஒரு பாட்டி தன் வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார். மலாயில் கெஞ்சுகிறார்கள், காதில் ஏறவில்லை. முகமூடியும் தலைக்கவசமும் போட்ட உருவங்கள் கதவைத் தட்டினால் யாருக்குத்தான் பயமாக இருக்காது? தம்பி முகமூடியைக் கழற்றினான், கழற்றக் கூடாது, கழற்றினான். "பாட்டி, நான்தான், முனியாண்டி கோயில் பூசாரி பேரன். சாமி படத்த நான் எடுத்துட்டு வர்றேன், நீங்க கையப் பிடிங்க" என்றான். பாட்டி வந்தார். சாமி படத்தையும் அவன் எடுத்து வந்தான். அன்றைக்கு அந்த இடத்தில் தண்ணீரைவிட அவசரமாகத் தேவைப்பட்டது தமிழ்தான். நம் பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன படிக்கலாம் என்று யோசிக்கும்போது இந்த வேலையையும் ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான். இன்னும் இரண்டு தமிழ்க் குரல் அந்த வண்டியில் இருந்தால் நன்றாக இருக்கும்.

தண்ணீர் விஷயம் பலருக்குத் தெரியாது. தோட்டத்துக்குள் தெருவோரத் தீயணைப்புக் குழாய் பெரும்பாலும் இல்லை. வண்டியில் இருக்கும் தண்ணீர் சில ஆயிரம் லிட்டர்தான், ஒரு குழாயே நிமிடத்துக்குச் சில நூறு லிட்டரைக் கொட்டும். சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் குளமோ கால்வாயோ கண்டுபிடிக்க வேண்டும். "தண்ணி இல்லாம வந்துட்டானுங்க" என்ற பேச்சு கிளம்புவது அப்போதுதான். அந்த நேரத்தில் பேசுவதைவிட, குளம் எந்தப் பக்கம் என்று கை காட்டினால் போதும். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் தொண்டர் தீயணைப்புக் குழு இருக்கும் ஊர்களில் இந்த வேலை பாதி சுலபமாகிவிடுகிறது, அவர்களுக்கு ஒவ்வொரு குட்டையும் தெரியும்.

கூப்பிடும் எண் 999. முன்பு பொம்பாவுக்கென்று 994 இருந்தது, பெரியவர்கள் சிலர் இன்னும் அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் 999தான். எடுத்ததும் என்ன நடந்தது என்பதைவிட எங்கே என்பதை முதலில் சொல்லுங்கள். தோட்டத்தில் தெருப் பெயர் இல்லை. "பழைய பால் ஸ்டோர் பக்கம்" என்றால் நமக்குத் தெரியும், எங்கோ உட்கார்ந்து அழைப்பை எடுக்கும் பிள்ளைக்குத் தெரியாது. பெரிய சாலை, எந்தத் தோட்டம், எந்த நுழைவாயில் என்று சொல்லிவிட்டு, பெரிய சாலை முனைக்கு ஓர் ஆளை டார்ச்சோடு அனுப்புங்கள். ஒரே மாதிரி செம்பனை, ஒரே மாதிரி செம்மண் சாலை, ராத்திரியில் உள்ளூர்க்காரனுக்கே திசை தப்பும், கனமான வண்டியைக் குறுகிய பாதையில் திருப்புவதற்குள் ஒரு வீடு போய்விடும். அப்படி முனையில் டார்ச்சைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணைத் தம்பி இன்னும் சொல்லுவான். பள்ளிச் சட்டையில், செருப்பில்லாமல் நின்றாளாம். வண்டி கிட்டே வந்ததும் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னால், ஏறாமல், முன்னால் ஓடிக்கொண்டே வழி காட்டினாளாம்.